பதின்மூன்று வயது என்ற தப்புக் கணக்கு

ஏழு வயதுப் பிள்ளைக்குப் பல்வரிசை சரியில்லை என்று அந்தமானில், போர்ட் பிளேயரின் பத்துபஸ்தியில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஒரே பதில்தான் வரும். "இப்போ எதுக்கு அவசரம்? எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும். பன்னெண்டு, பதிமூணு வயசானா மெயின்லேண்டுக்குக் கூட்டிட்டுப் போய் கிளிப் போட்டுக்கலாம்." ஆச்சி சொல்வார், மருந்துக்கடைக்காரர் சொல்வார், செக்ரட்டேரியட்டில் வேலை பார்க்கும் மாமாவும் சொல்வார். பல் மருத்துவர்களிலேயே சிலர் இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறார்கள். அவர்களும் சொல்வதால்தான் இந்தக் கருத்துக்கு இத்தனை ஆயுள்.

கேட்பதற்கு நிதானமான பேச்சு இது. குழந்தையை வதைக்க வேண்டாம் என்ற பரிவும், வீண் செலவு வேண்டாம் என்ற சிக்கனமும், டாக்டர்கள் காசு பிடுங்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகமும் இதில் சேர்ந்திருக்கின்றன. கடைசியில் சொன்ன சந்தேகம் நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். அதைப் பிறகு பேசுகிறேன். ஆனால் இந்தப் பேச்சு எதன்மேல் நிற்கிறதோ அவை எல்லாமே ஆட்டம் காண்பவை. பால் பல் விழுந்துவிடும், ஆகவே அதற்கு மதிப்பில்லை என்கிறார்கள். கோணல் வளர வளரத் தானாக நேராகிவிடும் என்கிறார்கள். சிறு வயது வைத்தியத்தால் பலனில்லை என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டது என்று படித்தவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பால் பல்லிலிருந்து தொடங்கலாம், மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் அஸ்திவாரம்.

பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் ஆடத் தொடங்கி ஒவ்வொன்றாய் விழுகின்றன. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எல்லாப் பால் பல்லும் அந்த வேகத்தில் போய்விடும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் பின்பக்கம் இருக்கும் இரண்டாவது பால் கடைவாய்ப்பல் பத்து, பதினோரு வயது வரை, சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது வரைகூட வாயில் இருக்க வேண்டியது. அந்தப் பல் இரண்டாம் வகுப்பில் சொத்தையாகிறது, வலிக்கிறது, பிடுங்கப்படுகிறது என்று வையுங்கள். அடியிலிருந்து வர வேண்டிய பல் வருவதற்கு இன்னும் மூன்று, நான்கு வருடம் இருக்கிறது. அதுவரை அந்த இடம் காலியாகவே கிடந்தால் ஒன்றும் மோசமில்லை. கிடப்பதில்லை.

ஏன் கிடப்பதில்லை என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆறரை, ஏழு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, செல்போன் டார்ச்சைப் போட்டு, வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கீழ்வரிசையில் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே உள்ளே போனால், ஆறாவதாக ஒரு பல் இருக்கும். மற்றவற்றைவிடப் பெரியது, பால் பல்லின் வெண்மை இல்லாமல் லேசான மஞ்சள் சாயல், மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள். சில பிள்ளைகளுக்கு அதன் பின்பாதியை ஈறு இன்னும் மூடியிருக்கும். எந்தப் பல்லும் விழாமல், ஆடாமல், வலிக்காமல், எல்லாவற்றுக்கும் பின்னால் முளைத்துவிட்டதால் பெற்றோர் பலர் இதையும் பால் பல் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நிரந்தரப் பல் அது, ஆயுளுக்கும் இருக்க வேண்டியது. அதற்கு முன்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பல் இல்லாமல் போனால் இது முன்னோக்கிச் சாயும், நகரும். நகர்வதில் பெரும்பங்கு முதல் ஆறு மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. மேல்தாடையில் இன்னும் வேகம்.

பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு, ஏறுவதற்குள் யாரோ துண்டை எடுத்தால் என்ன ஆகும்? பக்கத்தில் நின்றவர் உட்கார்ந்துவிடுவார். பால் கடைவாய்ப்பல் அந்தத் துண்டு. பத்து, பதினோரு வயதில் வர வேண்டிய பல் வந்து பார்க்கும்போது இடம் இருக்காது. ஈறுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அல்லது நாக்குப் பக்கமாக உள்ளே முளைக்கும். மேல்வரிசையில் கடைசியாக வருவது கோரைப்பல் என்பதால், இடநெருக்கடி எல்லாம் அதன் தலையில் விடிந்து, அது உயரே வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டு வரும். அதைத் தெத்துப்பல் அழகு, அதிர்ஷ்டம் என்று வேறு கொண்டாடுகிறோம். அழகு இருந்துவிட்டுப் போகட்டும். அந்த இடுக்கில் பிரஷ் போகாமல் பக்கத்துப் பல் சொத்தையாவதையும் அதே அதிர்ஷ்டத்தில் சேர்த்துக்கொள்வோமா?

இது எங்கோ ஒரு பிள்ளைக்கு நடப்பதும் இல்லை. 2002-03இல் நாடு முழுக்க நடத்திய வாய்நலக் கணக்கெடுப்பில் 5 வயதுப் பிள்ளைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. பாதிக்கு மேல். அந்தப் பற்களில் எத்தனை "பால் பல்தானே" என்ற ஒற்றை வார்த்தையில் பிடுங்கப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிடுங்காமல் காப்பாற்ற வழி இருக்கிறது. சொத்தையை அடைக்கலாம். நரம்பு வரை போயிருந்தால் பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்து மேலே ஸ்டீல் கேப் போடலாம். பால் பல்லுக்கு ரூட் கெனாலா என்று சிரிப்பவர்கள், பிறகு நான்கு நல்ல பற்களைப் பிடுங்கிவிட்டு இரண்டு வருடம் கிளிப் போடுவதற்குச் சம்மதிக்கும்போது சிரிப்பதில்லை. காப்பாற்றவே முடியாத பல் என்றால், பிடுங்கிய கையோடு இடம் காக்கும் கருவி ஒன்றைப் பொருத்தலாம். பெரிய சங்கதி ஒன்றுமில்லை. பக்கத்துக் கடைவாய்ப்பல்லைச் சுற்றி மோதிரம்போல ஒரு ஸ்டீல் பட்டை. அதிலிருந்து வளைத்துக் காலி இடத்தின் குறுக்கே நீட்டிய ஒரு கம்பி வளையம், முன்னால் இருக்கும் பல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒருநாள் அளவெடுத்து, பிளாஸ்டர் அச்சில் செய்து, இன்னொரு நாள் சிமெண்ட் வைத்து ஒட்டுவார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. ஒட்டும் மிட்டாயைத் தவிர்க்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒட்டு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இதைச் செய்ய ஆர்த்தோடான்டிஸ்ட், அதாவது பல்வரிசை சீரமைக்கும் நிபுணர், வேண்டியதில்லை. பி.டி.எஸ். படித்த எந்தப் பல் மருத்துவரும் செய்யக்கூடிய வேலை.

இதிலேயே இன்னொன்று சொல்ல வேண்டும், பதின்மூன்று வயதுக் கட்சியினர் இதைப் பேசி நான் கேட்டதில்லை. கீழ்த்தாடையில் இரண்டாவது பால் கடைவாய்ப்பல் அதற்குப் பதிலாக வரும் பல்லைவிட அகலமானது. அது விழும்போது ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடம் மிச்சமாகிறது. இயற்கை தரும் இனாம். முன்பற்கள் கொஞ்சம் நெருக்கியடித்து நிற்கும் பிள்ளைக்கு, இந்த இனாமைப் பிடித்து வைத்தாலே பற்கள் சீராக நிற்க இடம் கிடைத்துவிடுவது உண்டு. பிடித்து வைப்பதற்கு நாக்குப் பக்கமாக ஒரு மெல்லிய வளைகம்பி போதும். ஆனால் அதைப் போட வேண்டியது அந்தப் பால் பல் விழுவதற்கு முன்னால், பத்து பதினோரு வயதில். பதின்மூன்றில் போனால், ஆறாவதாக எண்ணிய அந்த நிரந்தரப் பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தைத் தின்று முடித்திருக்கும். எல்லாப் பல்லும் முளைத்தபின் போகலாம் என்பவர்கள் இந்த இனாமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், தெரியாமலேயே.

அடுத்தது, தானாகச் சரியாகும் என்ற நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இது ஆபத்தானது. எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் இரண்டும் விரிந்து, நடுவில் சந்து விட்டு, பக்கத்துப் பற்கள் வெளிப்பக்கமாகச் சரிந்து, பார்க்க விகாரமாக இருக்கும். பயந்துபோய் வரும் பெற்றோரிடம் நல்ல டாக்டர் "ஒன்றும் செய்யாதீர்கள்" என்றுதான் சொல்வார். மேலே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் அந்தப் பற்களின் வேரை நெருக்குவதால் வரும் தோற்றம் அது. கோரைப்பல் முளைத்ததும் பெரும்பாலும் சந்து மூடிக்கொள்ளும். அமெரிக்காவில் பிராட்பென்ட் என்ற ஆர்த்தோடான்டிஸ்ட் 1937இலேயே இதை எழுதிவைத்துவிட்டார். இந்தப் பிள்ளைக்குக் கிளிப் போடுவதுதான் குற்றம். இதில் ஆச்சியின் பக்கம்தான் நான்.

ஆனால் இதே ஆச்சி, கடி மாறி விழும் பிள்ளையைப் பார்த்தும் இதையே சொல்கிறார். பின்பற்களைக் கடிக்கச் சொன்னால், சில பிள்ளைகளுக்குக் கடைசி நொடியில் தாடை ஒரு பக்கம் வழுக்கிப் போவதைப் பார்க்கலாம். மோவாயின் நடுப்பகுதி மூக்குக்கு நேராக வராமல் இடமோ வலமோ ஒதுங்கி நிற்கும். மேல்தாடை குறுகலாக இருப்பதால், பல் முட்டாமல் கடிக்க வழி தேடித் தாடை ஒதுங்குகிறது. எட்டு வயதில் இது பழக்கம். வளரும் எலும்பு அந்தப் பழக்கத்துக்கேற்ப வளர்ந்துவிட்டால், பதினாறு வயதில் அது முகம். மேல் அண்ணத்தின் நடுவில் இருக்கும் மூட்டு பிள்ளைப் பருவத்தில் இளகியிருக்கும், சிறு திருகு வைத்த கருவியால் மெல்ல மெல்ல விரித்துவிடலாம். வயது ஏற ஏற அது இறுகுகிறது. முற்றிலும் இறுகியவர்களுக்கு எலும்பை வெட்டித்தான் விரிக்க வேண்டும்.

மேல் முன்பல் கீழ் முன்பல்லுக்கு உள்ளே போய்க் கடிக்கும் பிள்ளைகளும் உண்டு. ஒரே ஒரு பல் அப்படி மாட்டியிருந்தால், ஸ்பிரிங் வைத்த கழற்றி மாட்டும் தகடு சில மாதத்தில் வெளியே தள்ளிவிடும். விட்டுவைத்தால் எதிரே இருக்கும் கீழ்ப்பல் இடிபட்டு இடிபட்டு அதன் ஈறு கீழே இறங்கும். மேல்தாடையே பின்தங்கி, கீழ்த்தாடை முன்னால் துருத்தும் பிள்ளைகளின் கதை இதைவிடக் கனமானது. பிரிட்டனில் மருத்துவமனைகள் பல சேர்ந்து, இப்படிப்பட்ட 7 முதல் 9 வயதுப் பிள்ளைகள் 73 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நெற்றியிலும் மோவாயிலும் தாங்கி மேல்தாடையை முன்னுக்கு இழுக்கும் முகக்கருவி. மறுபாதிக்கு அப்போது எதுவும் இல்லை. ஆறு வருடம் கழித்து நிபுணர்கள் பார்த்தபோது, தாடை அறுவை சிகிச்சை தேவை என்று கணிக்கப்பட்டவர்கள் கருவி போட்டவர்களில் 36 சதவீதம், போடாதவர்களில் 66 சதவீதம். அந்தக் கருவிக்குப் பத்து வயதுக்கு முன்தான் நல்ல பலன். பதின்மூன்று வரை காத்திருந்தவனுக்கு வேறு வைத்தியம் இருக்கிறது, இந்த வைத்தியம் இல்லை.

கோரைப்பல் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒன்பது, பத்து வயதில் மேல் உதட்டைத் தூக்கி, ஈறின் வெளிப்பக்கம் பால் கோரைப்பல்லுக்கு மேலே விரலால் தடவினால் ஒரு புடைப்பு தட்டுப்பட வேண்டும். உள்ளே வந்துகொண்டிருக்கும் பல் அது. நூற்றில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு அது வழிதவறி அண்ணத்துப் பக்கம் போய்விடுகிறது. இருபக்கமும் தடவி ஒரு பக்கம் மட்டும் புடைப்பில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். ஸ்வீடனில் எரிக்சனும் குரோலும் 1988இல் காட்டினார்கள்: வழிதவறிய 46 கோரைப்பற்களுக்கு, அவற்றுக்குக் கீழே இருந்த பால் கோரைப்பல்லைப் பிடுங்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை, 36 பற்கள் தாமே பாதைக்குத் திரும்பின. ஒப்பிட இன்னொரு குழு இல்லை என்ற குறை அந்த ஆய்வுக்கு உண்டு. அந்தக் குறையைத் தீர்க்க அதே நாட்டில் பிறகு குலுக்கல் முறையில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பால் பல்லைப் பிடுங்கிய பக்கம் 69 சதவீதமும் பிடுங்காத பக்கம் 39 சதவீதமும் சரியாக வந்தன. ஐந்து நிமிட வேலை. தவறவிட்டவர்களுக்கு, ஈறையும் எலும்பையும் திறந்து, உள்ளே கிடக்கும் பல்லில் சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் இழுத்துக் கொண்டுவரும் வேலை. கவனியுங்கள், இந்த இடத்தில் பால் பல்லைப் பிடுங்குவதுதான் வைத்தியம். பிடுங்காதே என்று மேலே சொன்னதற்கு இது முரண் இல்லை. எந்தப் பல்லை, எந்த வயதில், எந்தக் காரணத்துக்கு என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் என் வழக்கே.

இனி ஆராய்ச்சியைக் காட்டுபவர்கள். இவர்கள் வெறும் வாய்ப்பேச்சுக்காரர்கள் இல்லை, கையில் காகிதம் வைத்திருக்கிறார்கள். மேல் முன்பல் வெளியே துருத்திய, நாம் எத்துப்பல் என்று கேலி பேசும் பிள்ளைகளுக்குச் சிறு வயதில் ஒருமுறை, பதின்பருவத்தில் மறுமுறை என்று இரண்டு தவணையாக வைத்தியம் செய்வதால் என்ன லாபம் என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய சோதனைகள் நடந்தன. அவற்றையெல்லாம் சேர்த்து அலசி, காக்ரேன் அமைப்புக்காக 2013இல் அறிக்கை எழுதிய குழுவின் முதல் பெயர் நம்மவருடையது: பத்ரி திருவேங்கடாச்சாரி. அறிக்கை சொல்வது என்ன? சீக்கிரம் தொடங்கியதால் கடைசியில் பல்வரிசை இன்னும் நன்றாக அமைந்துவிடவில்லை. ஒரே தவணையில் பின்னால் செய்தாலும் அதே பலன்தான். எதிர்க்கட்சியினர் இந்த வரியோடு காகிதத்தை மடித்துவிடுகிறார்கள்.

அடுத்த வரியை யாரும் வாசிப்பதில்லை. முன்பல் அடிபடுவது குறைந்தது. பின்னால் வைத்தியம் செய்துகொண்ட பிள்ளைகளில் 29 சதவீதம் பேருக்கு இடையில் முன்பல்லில் புதிதாக அடிபட்டிருந்தது. சீக்கிரம் செய்துகொண்டவர்களில் 20 சதவீதம். பத்துப் பிள்ளைகளுக்கு முன்கூட்டி வைத்தியம் செய்தால் ஒரு பிள்ளையின் முன்பல் தப்புகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பத்தில் ஒன்று என்பது ஊருக்கு ஊர், பிள்ளைக்குப் பிள்ளை கனமாகவோ லேசாகவோ இருக்கலாம். வீட்டுக்குள் உட்கார்ந்து செல்போன் பார்க்கும் பிள்ளைக்கு ஒரு கணக்கு. மழையில் பாசி பிடித்த படியில் ஓடி, ஏற்ற இறக்கமான தீவுச் சாலையில் சைக்கிள் விட்டு, மாலையெல்லாம் மைதானத்தில் பந்து உதைக்கும் பத்துபஸ்திப் பிள்ளைக்கு வேறு கணக்கு. பள்ளியில் "எத்துப்பல்லா" என்று கூப்பிடப்படுவதை ஐந்து வருடம் சுமப்பது எந்தச் சதவீதத்திலும் வராது.

எத்துப்பல் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் எட்டு வயதில் கருவி போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பலருக்குக் காத்திருப்பதே சரி. என் சண்டை வேறு இடத்தில். ஒரு வகைக் கோணலைப் பற்றிய முடிவை எடுத்து, சொத்தையில் இடம் போன பிள்ளை, தாடை ஒதுங்கும் பிள்ளை, கோரைப்பல் தொலைந்த பிள்ளை என எல்லோர் தலையிலும் ஏற்றுவது எந்த ஆராய்ச்சி? அந்த அறிக்கையில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது அந்த நியாயமான சந்தேகம். சிறு பிள்ளை வைத்தியம் இன்று பெரிய வியாபாரம், ஒப்புக்கொள்கிறேன். பால் பல் விழுவதற்குள் நிறமில்லா அலைனர் மாட்டச் சொல்லும் விளம்பரங்கள் வருகின்றன. தாடையை விரித்தால் குறட்டை நிற்கும், படுக்கையில் சிறுநீர் போவது நிற்கும், படிப்பில் கவனம் வரும் என்று சிலர் சகலரோக நிவாரணி விற்கிறார்கள். நாக்கை அண்ணத்தில் அழுத்தி வைத்தால் தாடை அழகாகும் என்று யூடியூபில் பரவிய கூத்தின் மூலவர், லண்டன் பக்கத்து ஆர்த்தோடான்டிஸ்ட் மைக் மியூ. சிறு குழந்தைகளுக்குச் செய்த வைத்தியத்துக்காக அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும்படி அந்நாட்டுப் பல் மருத்துவத் தீர்ப்பாயம் 2024இல் உத்தரவிட்டது. ஆறு வயதுக்கு முன்னால் பெரும்பாலான பிள்ளைகளின் பல்வரிசைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. விரல் சூப்புவதுகூட நான்கு வயதுக்குள் பெரும்பாலும் தானே நின்றுவிடும். நிலைப்பற்கள் முளைக்கும்போதும் தொடர்ந்தால்தான் தலையிட வேண்டும். வாய் வழியே மூச்சு விடும் பிள்ளையை முதலில் பார்க்க வேண்டியது காது மூக்கு தொண்டை டாக்டர்.

ஆனால் ஏமாற்றுக்காரன் இருக்கிறான் என்பதற்காக யாரிடமுமே காட்டாமல் இருந்தால் ஏமாற்றுக்காரனுக்கா நஷ்டம்? பதின்மூன்று வயதில், ஒன்றும் தெரியாமல், சென்னையில் முதல்முறை ஒரு கிளினிக் நாற்காலியில் உட்காரும் குடும்பம்தான் அவனுக்கு லட்டு மாதிரி. அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்டுகள் சங்கம் ஏழு வயதில் ஒருமுறை காட்டச் சொல்கிறது; காட்டும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்போது எந்த வைத்தியமும் வேண்டியிருக்காது என்பதும் அவர்களே சொல்வதுதான். பார்த்துவிட்டு "இப்போது ஒன்றும் வேண்டாம், ஒரு வருடம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பும் டாக்டரை நம்பலாம் என்பது என் அனுபவம். அந்த வார்த்தையில் அவருக்கு வருமானம் இல்லை.

தீவுக்கு வருகிறேன். மெயின்லேண்டில் எழுதப்படும் எந்த மருத்துவக் கட்டுரையும் இங்கே இரண்டாம் பத்தியிலேயே உடைந்துவிடும், கடலைக் கணக்கில் சேர்க்காததால். தமிழ்நாட்டு அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. தாம்பரத்துக்காரருக்கு அது ஒரு மின்சார ரயில் தூரம். நமக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஹேடோவில் கப்பல் ஏறினால் ஏறக்குறைய மூன்று நாள். அதற்கும் முன்னால் ஃபீனிக்ஸ் பேயில் டிக்கெட்டுக்கு நிற்பது தனி. கிளிப் போட்டால் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்த்துக் கம்பியை முடுக்க வேண்டும். இருபது தடவை போல ஆகும். மெயின்லேண்டில் போட்டால் இருபது தடவை யார் கூட்டிப் போவது? ஆகவே பிள்ளையைச் சென்னையில் சித்தி வீட்டில் விட்டுவைக்கிறார்கள், அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய், இரண்டு வருட வேலையை நான்கு வருடம் இழுக்கிறார்கள், அல்லது பாதியில் கழற்றிவிடுகிறார்கள். இங்கேயே போட்டாலும் இருபது தடவை இருபது தடவைதான். கட்சாலிலிருந்தோ ஹட்பேயிலிருந்தோ வரும் பிள்ளைக்குப் போர்ட் பிளேயரே ஒரு மெயின்லேண்ட்.

இப்போது ஒப்பிடுங்கள். இடம் காக்கும் வளையத்தைப் போட இரண்டு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது. ஒரு பல்லை வெளியே தள்ளும் தகடுக்கு நாலைந்து தடவை. வழிதவறிய கோரைப்பல்லுக்கு ஒரு எக்ஸ்ரே, ஒரு பிடுங்கல், பிறகு ஒரு வருடம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே. இவை எல்லாமே இங்குள்ள பல் மருத்துவர்கள் செய்யக்கூடியவை. சின்ன வயது வைத்தியம் செலவு, பெரிய வயது வைத்தியம் சிக்கனம் என்ற கணக்கு சென்னையில் வேண்டுமானால் விவாதத்துக்குரியதாக இருக்கலாம். தீவில் அது தலைகீழ். தள்ளிப்போட எங்களைவிட வசதி குறைந்த ஊர் இந்தியாவில் அதிகம் இருக்காது. ஆனால் தள்ளிப்போடுவதில் நாங்கள்தான் கெட்டி.

ஆளில்லை என்று அரசாங்கமும் சொல்லிவிட முடியாது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் தேடும் 30 குறைபாடுகளில் பல் நோயும் ஒன்று. நடைமுறையில் அது சொத்தை இருக்கிறதா இல்லையா என்ற ஒரு டிக் மார்க்கோடு நின்றுவிடுகிறது. அதே குழு, அதே டார்ச், அதே ஒரு நிமிடத்தில் பிள்ளையைப் பின்பல்லால் கடிக்கச் சொல்லித் தாடை ஒதுங்குகிறதா என்று பார்க்கலாம். பால் கடைவாய்ப்பல் எதுவும் காணாமல் போயிருக்கிறதா என்று எண்ணலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் மேல் ஈறைத் தடவிப் பார்க்கலாம். படிவத்தில் மூன்று கட்டம் கூட அச்சடிக்க வேண்டும், அவ்வளவே செலவு. நிபுணரே வேண்டியிருக்கிற பிள்ளைகள், முகக்கருவியோ அண்ணம் விரிக்கும் திருகோ தேவைப்படுபவர்கள், வடிகட்டிய பிறகு ஒரு சிறு எண்ணிக்கைதான் மிஞ்சும். எட்டு வயதில் அவர்களை ரெஃபர் பண்ணி அனுப்பலாம். ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியை ஒட்டி 2015 முதல் மருத்துவக் கல்லூரியே நடக்கிற ஊரில், வருடத்துக்குச் சில முறை ஒரு ஆர்த்தோடான்டிஸ்டை வரவழைத்து அந்தச் சிறு எண்ணிக்கையை இங்கேயே பார்க்க வைப்பதும் நடக்காத காரியம் இல்லை.

அதுவரை பெற்றோர் கையில் இருப்பது ஒரு கேள்வி. பிள்ளையின் பால் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டும் என்று யார் சொன்னாலும், அந்த இடத்தைப் பிடித்து வைக்க என்ன போடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். "பால் பல்தானே" என்று பதில் வந்தால் விட்டுவிடாமல், ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்து, அடியிலிருந்து வரும் பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதன் வேர் எவ்வளவு உருவாகியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குள் முளைத்துவிடும் நிலையில் இருந்தால் வளையமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அது இன்னும் எலும்புக்குள் ஆழத்தில் கிடந்தால், வளையத்துக்கு அளவெடுக்காமல் நாற்காலியை விட்டு இறங்காதீர்கள்.